சுற்றாத விசிறி

காபியில் ஒரு ஸ்க்ரூ கிடந்ததைப் பார்த்து மனைவி சத்தம் போடவில்லை. ஸ்பூனால் எடுத்து, மேஜையில் கணவர் முன்னால் வைத்தாள்.

"சர்க்கரை டப்பாவுல இருந்து வந்திருக்கு. இது உங்க ஆம்ப்போடதா, இல்ல எனக்குன்னே போட்டீங்களா?"

"அட, இதைத்தான் காலையிலிருந்து தேடிட்டிருக்கேன்," என்றார் பேஸ்காரர்.

பகலில் அவர் டைல்ஸ் கடை முதலாளி. சனிக்கிழமைகளில் ஓர் இசைக்குழுவில் பேஸ் கிட்டார். குழுவின் தட்டுமுட்டுச் சாமான் அத்தனையும் அவருடைய கடை வேனில்தான் போய்வரும். வாசிக்கத் தொடங்கினால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். "பேஸ் காதுல விழக்கூடாது, நெஞ்சுல விழணும்" என்று கேட்டவர்களிடம் சொல்வார். கேட்காதவர்களையும் விடமாட்டார்.

இப்போது அந்த நெஞ்சு படபடத்ததற்குக் காரணம் ஆம்ப்ளிஃபயர். சூட்டைத் தணிக்க அதன் முதுகில் ஒரு குட்டி ஃபேன் உண்டு. போன கச்சேரி முடிந்ததும் தற்செயலாகக் கை வைத்துப் பார்த்தால் காற்றே வரவில்லை. இந்தச் சனிக்கிழமையோ மனைவி முதன்முறையாகக் கேட்க வருகிறாள். பாட்டு நடுவில் ஆம்ப் எரிந்துபோனால் மானம் கப்பலேறிவிடும். போதாக்குறைக்கு, "பேஸை நான் கீபோர்டுல இடது கையாலயே வாசிச்சிடுவேன்" என்று கீபோர்டுக்காரர் வேறு சமயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூசி அடைத்திருக்கும் என்று மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து ஊதினார். தூசி கிளம்பி, இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த துணிகளின் மேல் போய் உட்கார்ந்தது. ஃபேன் மட்டும் அசையவில்லை.

மச்சானை வரவழைத்தார். மச்சான் எப்போதோ ஒரு மிக்ஸியைச் சரிசெய்தவன். அந்தப் பேரை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"எண்ணெய் போட்டா ஓடும் மாமா."

தையல் மெஷின் எண்ணெய் அரை பாட்டில் காலியானது. அது ஃபேனை நனைத்துவிட்டு மேஜை விரிப்பில் இறங்கியது. ஃபேன் பிள்ளையைப் போல் முரண்டு பிடித்தது.

"இதுக்கா மண்டையை உடைச்சுக்கிறீங்க? ஆம்ப்புக்குப் பின்னால ஒரு டேபிள் ஃபேனை வச்சிடுங்க. காத்து எங்கிருந்து வந்தா என்ன?" என்றான் மச்சான்.

"உருப்பட்ட மாதிரிதான்," என்றாள் அவன் அக்கா.

சனிக்கிழமை டேபிள் ஃபேன் மேடையேறியது. முதல் பாட்டிலேயே பாடகியின் பாட்டுத்தாள் முன்வரிசைப் பெரியவரின் மடியில் போய் விழுந்தது. அவள் நினைவிலிருந்த வரிகளையே திரும்பத் திரும்பப் பாடி ஒப்பேற்றினாள். பேஸ்காரர் ஃபேனின் முகத்தைத் திருப்பிவைத்தார். டிரம்ஸ்காரரின் துண்டு பறந்து கீபோர்டின் மேல் விழுந்தது. காற்று போதவில்லையோ என்று வேகத்தைக் கூட்டிவிட்டு, கண்ணை மூடி வாசிக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த ஃப்யூஸ் போனது. விளக்கு, மைக், ஆம்ப் எல்லாம் சேர்ந்து அணைந்தன.

அது தெரியாத ஒரே ஆள் பேஸ்காரர்தான். இருட்டில் தலையை ஆட்டி ஆட்டி, பாட்டை அழகாக முடித்துவைத்தார்.

மறுநாள் மனைவியே முன்னால் நின்று ஆம்ப்பை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லி, தானும் வேனில் ஏறிக்கொண்டாள். மைக்கைச் சரிபார்க்க வேண்டுமென்று பாடகியும் வந்தாள்.

ரிப்பேர்காரர் எண்ணெயையெல்லாம் துடைத்தார். வால்யூமை முழுசாக ஏற்றி, கடையிலிருந்த பேஸ் கிட்டாரைச் செருகி, அதன் தடிமனான கம்பியை விடாமல் தட்டினார். கடை அலமாரியெல்லாம் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாகச் சுழல ஆரம்பித்தது.

"ஃபேன்ல ஒரு குறையும் இல்ல சார். உள்ளே சூடானாத்தான் இது சுத்தும். சத்தமா வாசிச்சாத்தான் சூடாகும்."

பேஸ்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேடையில நான் முழு வால்யூம்லதான் வாசிக்கிறேன். இத்தனை கச்சேரியில ஒரு தடவை கூடவா சூடாகல?"

மனைவி பாடகியைப் பார்த்தாள். பாடகி மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"எப்படிண்ணா சூடாகும்? வேன் உங்களோடதாச்சேன்னு யாரும் வாய் திறக்கல. நீங்க கண்ணை மூடினதும் உங்க ஆம்ப் வால்யூமை இறக்குறது என் வேலை, திறக்கிறதுக்குள்ள ஏத்தி வைக்கிறது டிரம்ஸ்காரர் வேலை."