குறட்டு டீச்சரும் நான் பூட்டிய அலுமாரியும்

கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையில் சுழல்வது, முனகுவது, டிக் டிக் என்பது எதுவானாலும், குறட்டு டீச்சரின் கண்ணில் ஒருமுறை பட்டுவிட்டால் அது முழு உருவத்தோடு வீடு திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. நான் வரலாற்று ஆசிரியன். பொறுப்போடுதான் சொல்கிறேன்.

கல்முனையில் எங்கள் பாடசாலைக்கு அவர் விஞ்ஞானம் படிப்பிக்க வந்தார். தினமும் மருதமுனையிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். கறுப்பு அபாயா, தோளில் கைப்பை, பைக்குள் ஒரு குறடு, மூன்று ஸ்க்ரூ டிரைவர்கள். வந்த முதல் வாரமே பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிர்வாழ்ந்தது.

முதல் பலி, ஆசிரியர் அறை ஃபேன். அது கிழட்டு ஆடு மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. டீச்சர் இரண்டு நிமிடத்தில் அதைத் துண்டு துண்டாக்கி ஒரு கூடையில் போட்டார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டுக் கூடையைக் கொடுத்தார்.

"இதப் பழையபடி ஆக்குங்க."

மூன்று நாள் நாங்கள் மாணவர் வரவுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு வேர்த்து ஒழுகினோம். பொறுக்கமுடியாமல் நான்தான் கேட்டேன்.

"டீச்சர், ஒங்களுக்குத் திருப்பிப் பூட்டத் தெரியாதா?"

"தெரியும் சேர். புள்ளயளுக்குத் தெரியாது. அதான் நான் கைவைக்கல்ல."

நாலாம் நாள் ஃபேன் சுற்றியது. காற்று எங்களை விட்டுவிட்டுச் சுவருக்குப் போனது. இரண்டு இறக்கைகளைத் தலைகீழாகப் பூட்டியிருந்தார்கள். டீச்சர் திட்டவில்லை. "சுத்துது. ஆனா காத்து வரல்ல. ஏன்?" என்றார். அன்று அந்த நாலு பேருக்கும் பசி வரவில்லை.

அதன் பிறகுதான் உடைந்த மேசை கதிரைகள் குவிந்துகிடந்த அறையைக் கேட்டுப் பாடசாலை அதிபரின் வாசலில் நின்றார். ஒரு நாள் அல்ல, ஒரு பள்ளித் தவணை முழுக்க. கடைசியில் அதிபர் களைத்துப்போய்த் திறந்துகொடுத்தார். உள்ளே இருந்த மேசைகளையே பிள்ளைகள் பழுதுபார்த்து வேலைமேசையாக்கினார்கள். வெளியூரில் இதை மேக்கர்ஸ்பேஸ் என்பார்களாம். டீச்சர் கதவில் எழுதியது, 'செய்து பார்க்கும் அறை'.

இந்த அறையில்தான் என் மானம் போனது. ஏழாம் வகுப்பில் படித்த என் மகள் ஹனாவுக்கு ஒரு காற்றாலை செய்துகொண்டுபோக வேண்டியிருந்தது. நானோ, வீட்டில் பல்பு மாற்ற ஏணியில் ஏறினாலே மனைவி யாசீன் ஓதத் தொடங்கும் அளவுக்குக் கைவேலைக்காரன். பெயர்ப்பலகை செய்யும் கடையொன்றில் வெள்ளை ரெஜிபோம் அட்டையில் ஒன்று செய்வித்துக் கொடுத்தேன். பளபளவென்று இருந்தது.

"இது ஆரு செஞ்ச?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். மகள் மாட்டிவிட்டாள். "வாப்பா."

எனக்கு அழைப்பு வந்தது. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் டீச்சர் காற்றாலையை நீட்டினார்.

"சேர், கழட்டித் திருப்பிப் பூட்டிக் காட்டுங்க."

நான் காற்றாலையைப் பார்த்தேன். காற்றாலை என்னைப் பார்த்தது.

"அப்ப இது ஒங்கட வேலையும் இல்ல! சரி, மகளுக்குப் பக்கத்தில இரிங்க. ரெண்டு பேரும் முதல்ல இரிந்து செய்யிங்க."

இருந்தேன். சுப்பர் குளூவில் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒட்டிக்கொண்டன. மகள்தான் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்தாள். ஆனால் பழைய யோகட் கோப்பையை வெட்டி அவள் செய்த காற்றாலை சுற்றியது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு நாள் அதிபர் டீச்சரைக் கூப்பிட்டார்.

"கல்வி வலயத்தில இரிந்து ஒரு அதிகாரி பார்க்க வாறார். நல்லா இரிக்கெண்டு எழுதினா அறை ஒங்களுக்கு. இல்லாட்டி உடைஞ்ச தளபாடமெல்லாம் திரும்ப உள்ளுக்குப் போகும்."

"வரட்டும் சேர். புள்ளயள் செய்யிறதப் பார்க்கட்டும்."

அதிபருக்கு நம்பிக்கை இல்லை. அந்த அறையில் எப்போதும் பாதிப் பொருட்கள் வயிறு திறந்து கிடக்கும். சுவரில் 'இன்னும் வேலை செய்யாதவை' என்று ஒரு பட்டியல், மாதாமாதம் நீண்டுகொண்டேபோகும். "நீங்க கொஞ்சம் வடிவாக்கி வைங்க" என்று இரகசியமாக என்னிடம் சொன்னார்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள், டீச்சர் வீட்டுக்குப் போன பிறகு உள்ளே நுழைந்தேன். பட்டியலை அழித்தேன். வயிறு திறந்தவற்றைப் பெட்டியில் போட்டு மறைத்தேன். மருதமுனையில் ஒரு கைத்தறிக் கொட்டிலில் கழித்துப் போட்ட கப்பிகளால் பிள்ளைகள் செய்த பாரந்தூக்கி உட்பட, ஒழுங்காக வேலை செய்த ஆறு பொருட்களைக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கினேன். பூட்டினேன். என் அழகான கையெழுத்தில் 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன்.

காலையில் டீச்சர் பார்த்தார். முகம் கறுத்தது.

"சேர், இது என்ன மையத்து வீடா? எல்லாத்தையும் குளிப்பாட்டி நீட்டிவெச்சிரிக்கீங்க. திறப்பத் தாங்க."

சட்டைப் பையில் தேடினேன். மேசை லாச்சியில் தேடினேன். திறப்பு இல்லை. அதற்குள் அதிகாரியும் அதிபரும் வாசலில் நின்றார்கள்.

"மாஷா அல்லாஹ், நல்ல துப்புரவு" என்றார் அதிகாரி. "இந்தப் பாரந்தூக்கி வேலை செய்யுமா?"

"ஓம் சேர்" என்றார் டீச்சர். "ஆனா உள்ள பூட்டிக் கிடக்கு. திறப்பில்ல."

அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அவர் குரல் நடுங்கியதை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"புள்ளயள், என்ன செய்வம்?"

ஹனா அலுமாரியைச் சுற்றிவந்து பின்பக்கம் எட்டிப்பார்த்தாள்.

"டீச்சர், முதுகுப் பலகை ஸ்க்ரூவில நிக்கிது. வாப்பா, தள்ளி நில்லுங்க."

ஆறு பேர் அலுமாரியை அலுங்காமல் திருப்பினார்கள். இருவர் பலகையைத் தாங்க, இருவர் கழற்ற, கழன்ற ஸ்க்ரூ ஆணிகளை வைக்க இடம் தேடிய ஹனா அதிகாரியின் உள்ளங்கையைக் கண்டாள்.

"சேர், புடிங்க. விழுத்திராதீங்க. பன்னிரெண்டு."

அவர் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, பால்சோறு வாங்க நிற்கிறவர்போல நின்றார். ஒரு ஸ்க்ரூ தலை தேய்ந்து சுற்றமறுத்தது. ஒருத்தி ரப்பர் பட்டியைத் தலைமேல் வைத்து அழுத்தித் திருகினாள். வந்தது.

"இத ஆரு சொல்லித்தந்த?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆருமில்ல சேர். மத்த அஞ்சு விதமும் சரிவரல்ல."

பலகை இறங்கியது. பாரந்தூக்கி வெளியே வந்து, அதிகாரியின் கனத்த ஃபைலைத் தூக்கிக் காட்டியது. அவர் ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் பேனையை எடுத்தார். அறை டீச்சருக்கே என்று எழுதினார். எனக்கும் ஒரு வரி சொன்னார்: "அந்தத் 'தொடாதீர்கள்' எழுதினவருக்கும் இங்க ஒரு பாடவேளை குடுங்க."

போன வருடம் டீச்சர் நிந்தவூர்ப் பக்கம் இடமாற்றம் பெற்றுப் போனார். அலுமாரி இன்றும் கண்ணாடியைச் சுவருக்குக் காட்டி, திறந்த முதுகைப் பிள்ளைகளுக்குக் காட்டித்தான் நிற்கிறது. திறப்பு தொலைந்துவிட்டதால் வேறு வழியில்லை என்பது அதிபரின் கவலை.

அந்தத் திறப்பு, அதிகாரி வந்துபோன அடுத்த வாரமே என் களிசான் பையிலிருந்து, உடுப்பு கழுவும்போது மனைவியின் கைக்கு வந்துவிட்டது. நான் இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை.