மன்னா டாக்டரும் அவருடைய மந்திரிகளும்

இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் அட்டைக்கடியைத் தாங்கியவர்கள் உண்டு, ஆடிக் காற்றைத் தாங்கியவர்கள் உண்டு. மன்னா டாக்டரைத் தாங்கியவர் ஒருவர்கூட இல்லை.

எழுபதுகளில், பூனாகலைப் பக்கம் நான் கிளாக்கராக இருந்த தோட்டத்தில் மருந்து கொடுப்பவர் அவர்தான். வாயைத் திறந்தால் 'மன்னா' என்று ஒரு ராஜசபைக் கடிதான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தோலில் படை என்று போனால், "'மன்னா, எதிரிக்குப் பெரிய படை இருக்கு'ன்னாரு மந்திரி. 'சொறியாம இருக்கச் சொல்லு, களிம்பு அனுப்புறேன்'னாரு ராசா" என்பார். சிரித்தால்தான் களிம்பு டப்பாவைத் திறப்பார்.

தோட்டத்துக்குப் புதுத் துரை வந்த அன்று, அவருக்குப் போடப் பூமாலை வாங்கும் பொறுப்பு டாக்டருடையது. வெறுங்கையோடு வந்து நின்றார். மாலை எங்கே என்றதற்கு, "இப்பக் காலைதானுங்களே, மன்னா" என்றார். துரைக்குத் தமிழ் தெரியாது. கால் மணி நேரம் நான் இங்கிலீஷில் விளக்கினேன். துரை என்னைத்தான் பைத்தியத்தைப் போலப் பார்த்தார்.

பிறகு என் மனைவிக்குத் தலைப்பிரசவம் வந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர், முதல்முறையாக 'மன்னா' இல்லாமல் பேசினார்.

"புள்ள குறுக்க கெடக்கு. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே."

அப்போதுதான் எனக்குப் பயமே வந்தது.

கொழுந்து லொறியில் ஏற்றினோம். பண்டாரவளை தாண்டியதும் அவள் கண்கள் செருகத் தொடங்கின. இந்த மனிதர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"'மன்னா, எதிரி வந்துட்டான், வாளை எடுங்க'ன்னான் சேவகன். 'கருவாடா, பச்சையா?'ன்னாரு ராசா."

சாகக் கிடப்பவளிடம் என்ன விளையாட்டு என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கண்ண மூட விடக்கூடாது, கிளாக்கரய்யா. கோவத்துலயாவது முழிச்சிருக்கட்டும்."

வளைவுக்கு ஒரு ராசா வந்தார். ஹாலி எல ஊர் வரும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒங்க ராசாவ எவனாச்சும் கொன்னாத் தேவல" என்றாள். அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

பதுளை ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு உயிரும் தப்பின. செய்தி சொல்ல வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். நான் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்க மறந்து, "ரெண்டு பேருமா?" என்று மூன்று தடவை கேட்டார்.

சில வருடங்களில், தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி அவருக்கு இந்தியாவுக்குப் போகும் கடிதம் வந்தது, குடும்பத்தோடு போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் நல்ல கெட்டிக்காரர், வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை.