நெற்றியில் பட்ட ஈயம்

உலகத்தில் ஒளி பிறக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று கிழக்கு. இன்னொன்று திண்டுக்கல்லுக்கு வெளியே, பெயரைச் சொன்னால் பெருமை குறைந்துவிடும் என்பதால் இங்கே சொல்லாமல் விட்ட ஒரு கல்லூரியின் இயற்பியல் கூடம். பேராசிரியர் சுருளிவேல் அங்கேதான் ஈய மாலிப்டேட் படிகம் வளர்த்து வந்தார். மஞ்சள் ஈயத் தூளோடு மாலிப்டினத் தூளைச் சேர்த்து அரைத்து, உலையில் உருக்கி, பைய ஆறவிட்டால் கற்கண்டு மாதிரி ஒரு கட்டி கிடைக்கும். அதன் மகிமையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

“சுத்தமா இருந்தா வெளிச்சம் ஊடே போகும். காந்தத்தை மதிக்காது. துளி இரும்பைக் கலந்து பாருங்க, நிறம் இருண்டுபோயி காந்தத்துப் பக்கம் சாயும். துளிதான் சார்! உள்ள போனது துளின்னாலும் மொத்தக் குணமும் மாறிரும்.”

கேட்டவர்கள் கைதட்டுவார்கள். தூளை அரைக்கிற பக்ருன்னிசா தட்டமாட்டாள். டீ டம்ளரே நழுவுகிற கை, எங்கே தட்ட?

அவள் பேகம்பூரிலிருந்து கூட்டிப் பெருக்க வந்தவள். அரைப்பது பொம்பளைக்குக் கைவந்தது என்ற ‘ஆய்வு முடிவை’ எட்டிய அன்றே பேராசிரியர் அவள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிவிட்டுக் குழவியைக் கொடுத்தார். வழவழவென்று சின்னக் கல் உரல். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும். கொஞ்ச நாளில் வயிறு சுருட்டிப் பிடித்தது. வாயில் எந்நேரமும் இரும்பைச் சப்பிய ருசி. கேட்டே விட்டாள்.

“சார், தூசிய வெளிய இழுக்குற ஃபேன் ஒண்ணு மாட்டுனா நல்லாருக்கும். நெஞ்சை அடைக்குது.”

“ஃபேனா? பவுடர் பறந்துரும்மா! ஒரு துகள் பறந்தாலும் இந்த நாடு ஒரு துகள் பின்தங்குது, புரியுதா?”

“வயித்து வலி உசுரு போகுது சார்.”

“வீட்டுல வெஞ்சனத்துல காரத்தைக் குறை.” பிறகு மனம் இரங்கினார். “கல்லூரி ஆளா இருந்தாலாவது தாளாளர்கிட்டப் பேசலாம். நீ காண்ட்ராக்ட். வெளியாளு. எந்த முகத்தோட கேப்பேன்?”

அதுவும் நியாயம்தான். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு அரைத்தாள்.

ஆயுத பூஜை வந்தது. விஞ்ஞானத்துக்கும் கண் படும் இல்லையா? உலைக்கு மாலை, காந்தக் கருவிக்கு வாழைக்கன்று. தாளாளரே வந்திருந்தார். பக்ருன்னிசாவைப் பொரி கடலை வாங்க அனுப்பியிருந்தார்கள்.

“சந்தனம் எங்கேய்யா?” என்றார் தாளாளர்.

பேராசிரியர் சுற்றிப் பார்த்தார். கல் உரலில் மஞ்சளாக, மைபோல அரைத்தது ஒன்று தயாராக இருந்தது. “பாத்தீங்களா, சொல்லாமலே அரைச்சு வச்சிருக்கு!” என்று தண்ணீர் விட்டுக் குழைத்தார். உலைக்குப் பொட்டு, படிகப் பெட்டிக்குப் பொட்டு, தாளாளர் நெற்றியில் அகலமாக ஒரு பொட்டு. பிறகு பேராசிரியர்கள் வரிசையாக நெற்றியை நீட்டினார்கள்.

“வாசமே இல்லையே?”

“ஒசத்திச் சந்தனம் சார். அடக்கமாத்தான் இருக்கும்.”

பொரியோடு வந்த பக்ருன்னிசா உரலைத்தான் முதலில் பார்த்தாள்.

“சார், காலையில அரைச்சு வச்ச மாவைக் காணோமே?”

“எந்த மாவு?”

“உலைக்குப் போடுற மாவுதான். இம்புட்டு அரைச்சு வச்சேனே.”

பேராசிரியரின் கை பைய நெற்றிக்குப் போனது. அடுத்து அந்தக் கூடத்தில் எழுந்த சத்தத்தை அளக்க எந்தக் கருவியும் போதாது.

“ஈயம்! ஈயம்!”

“ஏலே, பஸ்ஸை எடு!”

“ரத்தத்துல கலந்துருமேய்யா! பிள்ளைகுட்டிக்காரன்யா நான்!”

கல்லூரி பஸ் மதுரை ஆஸ்பத்திரிக்கு உறுமிக்கொண்டு நின்றது. பக்ருன்னிசாவும் படியில் கால் வைத்தாள்.

“நீ எங்கம்மா வார?”

“ரத்தம் பாக்கத்தானே சார் போறீங்க? எனக்கும் செத்த பாத்துரலாம்னு...”

பேராசிரியர் அவள் முகத்தை ஊன்றி ஆராய்ந்தார். “உனக்குத்தான் நெத்தியில ஒண்ணும் இல்லையே!”

பஸ் முக்கால்வாசி காலியாகப் போனது.

நெற்றிகள் பிழைத்துக்கொண்டன. ‘பாதுகாப்புக் குழு’ கூடி, டீயும் வடையும் சாப்பிட்டு, ஆழ்ந்து யோசித்துக் கூடத்தின் கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை அடித்தது. பேராசிரியர் அதற்குப் பிறகு உள்ளே வருவதில்லை. வாசலில் நின்றே உத்தரவு போடுவார்.

“என்ன சார் எழுதியிருக்கு?” என்று பக்ருன்னிசா கேட்டாள்.

“அபாயம். ஈயத் தூள். வெளியாட்கள் உள்ளே நுழையக் கூடாது.”

அவளுக்கு உயிர் வந்தது. குழவியைக் கீழே வைத்தாள். “அப்ப நான் வெளிய வந்துரவா சார்?”

“நீ எதுக்கும்மா?” பேராசிரியர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். “நீ நம்ம ஆளு!”

கல்லூரி அவளைத் தன் ஆள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன கையோடு, கதவை வெளியிலிருந்து சாத்தினார்.