வான்கோழி விருந்தும் என் மேகப் படங்களும்

இந்த வருடம் வான்கோழி விருந்தில் பாத்திரம் தேய்ப்பதில்லை என்று மே மாதமே சபதம் எடுத்துவிட்டேன்.

கனடாவில் எங்கள் சஸ்காட்சுவான் மாகாணத்தில் அறுவடை முடிந்ததும் ஊர் ஹாலில் விருந்து நடக்கும். நாலா பக்கத்திலிருந்தும் சனம் வந்து சாப்பிடும். பெண்கள் சமைப்பார்கள், ஆண்கள் தேய்ப்பார்கள். வான்கோழி வாட்டும் தட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒரு குழந்தையை அதில் தாராளமாகக் குளிப்பாட்டலாம். அடியில் பிடித்த கரியைச் சுரண்ட இந்த ஜென்மம் போதாது. விருந்துக் கமிட்டியின் தலைவி வேறு யாருமில்லை, என் மனைவி ஸ்டெஃபா. அதனால் மற்றவனுக்கு ஒரு தட்டு என்றால் எனக்கு ஒரு மலை.

போன வருடம் இடுப்பு வலி என்றேன். அதற்கு முந்தின வருடம் பல் வலி. இரண்டு தடவையும் வலியோடு தேய்த்தேன். வியாதி உதவாது, கலைதான் உதவும் என்று புரிந்தது. ஒரு கலைஞனைப் போய் யாராவது பாத்திரம் தேய்க்கச் சொல்வார்களா? உடனே ஒரு கேமரா வாங்கினேன்.

"எதுக்கு இது?" என்றாள் ஸ்டெஃபா.

"வானத்தைப் படம் எடுக்க."

"வானம் எங்க ஓடப் போகுது நெஸ்டர்? இந்த ஊர்ல இருக்கறதே அது ஒண்ணுதான்."

"அது மாறிக்கிட்டே இருக்கு ஸ்டெஃபா. நாமதான் கவனிக்கறதில்ல."

"சமையலறைக் குழாய்கூட மாசக்கணக்கா ஒழுகுது. அதையும் நீ கவனிக்கல."

கலைஞன் என்றால் அவமானம் சகஜம். விடியற்காலையில் கிளம்பினேன். பக்கத்துப் பண்ணைக்காரன் எல்மர் ஃப்ரீசனின் விழுந்து கிடந்த வேலி மூடுபனிக்குள் பாதி தெரிந்தது. பள்ளத்தில் குப்புறப் படுத்துக் கண்ணைக் கேமராவில் வைத்தேன். தலைக்கு மேலே எல்மரின் குரல் கேட்டது.

"என்னத்தைத் தொலைச்ச?"

"ஒண்ணும் தொலைக்கல. உன் வேலியைப் படம் எடுக்கறேன்."

"அது விழுந்து ரொம்ப நாளாச்சுப்பா. குனிஞ்சு நிமுத்த என் முட்டி ஒத்துழைக்கல."

"விழுந்து கிடக்கறதுதான் அழகு, எல்மர்."

"அப்படியா? அப்ப என் கொட்டகையையும் வந்து பாரு. அழகுன்னா அது அழகு. எந்த நேரமும் தலைமேல விழும்."

போய்ப் பார்த்தேன். பிரமாதமாகச் சாய்ந்திருந்தது. மாலை வெயில் பலகை இடுக்கெல்லாம் புகுந்து வெளியே வந்தது. எல்மருக்கு அடுத்த பண்ணை பெர்னிஸ் வீட்டுக் கோழிக்கூட்டைப் புயல் மேகத்தின் கீழ் எடுத்தேன். ஓடு பெயர்ந்த தேவாலயக் கூரையை மழையில் எடுத்தேன். நான் எதிர்பார்க்காதது ஒன்று இதற்குள் நடந்துவிட்டது. எனக்கு இது உண்மையாகவே பிடித்துப் போயிற்று. சாக்குக்காக வாங்கிய கேமராவைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கினேன். அறுபது வருடமாகத் தலைக்கு மேலேயே இருந்த வானத்தை ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அதைவிட அதிர்ச்சி ஸ்டெஃபா. கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த எதையும் பாராட்டாதவள், படங்களை ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தாள்.

"இது யாரு இடம்?"

"பெர்னிஸோட கோழிக்கூடு."

"நல்லா இருக்கு. ஆனா இன்னும் கிட்டப் போய் எடு. கம்பி எங்க பிஞ்சிருக்குன்னு தெரியணும்."

என்ன ரசனை என்று பூரித்துப் போனேன். மறுநாள் பிரோகி கொழுக்கட்டையை டப்பாவில் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். கட்டிய மனைவியைச் சந்தேகப்படலாமா என்று நான் சந்தேகப்படவில்லை. பட்டிருக்க வேண்டும்.

விருந்து நாள் வந்தது. காலையிலேயே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"ஸ்டெஃபா, இன்னைக்குக் காத்து வடக்குலேர்ந்து அடிக்கப் போகுது. வருஷத்துல முதல் பனி. இதை விட்டா..."

"போயிட்டு வா."

தூக்கிவாரிப் போட்டது. "பாத்திரம்?"

"கலைஞனைப் போய்ப் பாத்திரம் தேய்க்கச் சொல்லுவாங்களா? கையுறை எடுத்துக்கோ. குளிரும்."

நான் மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்ட வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. எங்கேயோ இடித்தது. ஆனாலும் கால்கள் வண்டியை நோக்கி ஓடின.

ஊருக்கு மேற்கே உள்ள குட்டைக்கரையில் மதியம் முழுக்க நின்றேன். வானம் வெறும் நீலமாகக் கிடந்தது. பொய் சொன்னதற்குத் தண்டனை என்று நினைத்தேன். சாயங்காலம் சட்டென்று காற்று திரும்பியது. வடக்கிலிருந்து கரும் மேகம் சுவர் மாதிரி வந்தது. அதன் அடியில் இருந்த சின்னக் கீற்று வழியாகச் சூரியன் எட்டிப் பார்த்தது. குட்டையில் இருந்த வாத்துக்கூட்டம் மொத்தமும் ஒரே இரைச்சலாக எழும்பியது, முதல் பனி விழுந்தது. கேமராப் பொத்தானை எப்படி அமுக்கினேன் என்று தெரியாது. கண்ணில் நீர் வந்தது. குளிர்காற்று என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். உங்களிடம் சொல்வதற்கென்ன, காற்று இல்லை.

இந்தப் படத்தை முதலில் ஸ்டெஃபாவிடம்தான் காட்ட வேண்டும் என்று தோன்றியது. தேய்க்கும் வேலையும் இந்நேரம் முடிந்திருக்கும் என்றும் தோன்றியது. ஹாலின் பின்கதவு வழியாகப் பூனை மாதிரி நுழைந்தேன்.

நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சுவர் முழுக்க என் படங்கள், ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. மேடையில் மைக்கோடு ஸ்டெஃபா. விருந்து முடிந்ததும் ஹால் செலவுக்காக நடக்கும் ஏலம் ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்தது, மூடுபனியில எல்மரோட வேலி."

எல்மர் கை தூக்கினான். வேலிக்கு அந்தப் பக்க வயல்காரர் தூக்கினார். எல்மர் மறுபடி தூக்கினான். காபிக்குக் காசு எடுக்கவே கை நடுங்குகிறவன் எல்மர். விலை ஏற ஏற என் நெஞ்சு விம்மியது. கோழிக்கூட்டுக்குப் பெர்னிஸ் நாற்காலி மேலேயே ஏறி நின்றாள். கூரைப் படத்தைப் பாதிரியாரே எடுத்தார். ஒரு படம்கூட மிச்சமில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஸ்டெஃபா என்னைப் பார்த்துவிட்டாள். "இதோ கலைஞரே வந்துட்டார்," என்று மைக்கை நீட்டினாள்.

"இந்த ஊர் கலையை இவ்வளவு மதிக்கும்னு நான் கனவுலகூட நினைக்கல," என்றேன். 

 ஹாலில் சிரிப்பு கூரையைப் பிய்த்தது.

"திங்கக்கிழமை காலையில வந்துடு நெஸ்டர்," என்றான் எல்மர். "மண்ணு உறையறதுக்குள்ள குழி தோண்டணும்."

"என்ன குழி?"

"வேலிக் கம்பத்துக்குத்தான்."

நான் ஸ்டெஃபாவைப் பார்த்தேன். அவள் மைக்கை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "முதல்ல வெறும் படத்துக்குன்னு சொன்னப்ப ஒருத்தர்கூடக் கை தூக்கல. படத்துல எது உடைஞ்சிருக்கோ அதை நீயே வந்து சரி பண்ணிக் கொடுப்பேன்னு சொன்னேன். அப்புறம்தான் சூடு பிடிச்சுது."

 எங்கள் ஊர் ஏலத்தில் ஆளின் உழைப்பையும் விற்பது வழக்கம். விற்ற உழைப்பைக் கொடுக்காதவன் அப்புறம் ஊரில் காபி குடிக்க முடியாது.

"என்னைக் கேக்காம எப்படி?"

"மழையும் வெயிலும் உன்னைக் கேட்டா மாறுது? எங்கெங்க உடைஞ்சிருக்கோ அங்கெல்லாம் நீயா தேடிப் போய் நின்ன. நான் கிட்டப் போன்னு மட்டும்தான் சொன்னேன்."

"பாத்திரம்?"

"எல்லாரும் சேர்ந்து தேய்ச்சோம். பாட்டுப் பாடிக்கிட்டே முடிச்சாச்சு. நீ இருந்திருந்தா சந்தோஷமா இருந்திருக்கும்."

கேமராவை நீட்டினேன். வாத்துக் கூட்டத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இது நிஜமாவே நல்லா இருக்கு நெஸ்டர். இதை விக்க வேண்டாம், நம்ம வீட்டுல மாட்டுவோம்," என்றாள். என் கோபம் பாதி அங்கேயே கரைந்தது. ஒருத்தராவது என் கலையைக் கலையாகப் பார்த்தாரே, எல்மரும் என் வேலிப் படத்தைத் தினமும் பார்ப்பானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வாசலில் எல்மர் காத்திருந்தான். சட்டம் போட்ட படத்தை என் கையில் திணித்தான்.

"இதை நீயே வெச்சுக்கப்பா. ஆள் மட்டும் வந்தாப் போதும்."