ஏழு நாள் நிதானம்

முதுகுப்பையின் ஜிப் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் வரமாட்டேன், கீழேயும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. பரிசோதகர் பையின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார். பை அமுங்கவில்லை, உள்ளே ஏதோ உடையும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க, டார்ச் லைட் மூணு எதுக்கு? ஒண்ணு போதாதா?" என்றாள் மனைவி.

"அது வேலை செய்யலைன்னா?"

"அதுக்குத்தான் ரெண்டாவது இருக்கே."

"ரெண்டும் வேலை செய்யலைன்னா?"

மனைவி அலமாரியைக் குடைந்து நான்காவதாக ஒரு டார்ச்சை எடுத்து வந்து கொடுத்தாள். நட்டு, போல்ட்டு செய்யும் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்கத் தரப் பரிசோதகராக இருந்தவர் அவர். உலகத்தில் ஏதாவது ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்யும் என்று அவரிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது.

ஓய்வுபெற்று மூன்று மாதமாகிறது. தொழிற்சாலை நிம்மதிப் பெருமூச்சு விட்டு, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பியது. பரிசோதிக்க போல்ட்டு இல்லாமல் போனதால் அவர் வீட்டைப் பரிசோதிக்கத் தொடங்கினார். பிரிட்ஜ் கதவு எத்தனை நொடி திறந்திருக்கிறது, மகள் பல் துலக்கும்போது குழாய் ஓடுகிறதா, துவைத்த துணியில் கிளிப் நேராகப் போட்டிருக்கிறதா என்று குண்டூசி விழுந்தாலும் பின்னாலேயே போய் நின்றார். மனைவி வீட்டிலேயே முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். அவள் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் ஸ்கேலோடு உட்கார்ந்தார். சட்டை வாங்க வந்த வாடிக்கையாளரிடம், "இடது தோள் அரை சென்டிமீட்டர் ஏறியிருக்கு, பாக்கலையா நீங்க?" என்று கேட்டார். அந்த வாடிக்கையாளர் பிறகு அந்தத் தெருவிலேயே தென்படவில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் அவரே சரி செய்தார். இப்போது சொட்டுவதில்லை, ஓடுகிறது.

மலைப்பயணம் அவராகவே எடுத்த முடிவு. ஒரு நாள் காலை, அவருடைய காபி டம்ளருக்கு அடியில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. 'மலையில் ஏழு நாள். தனியாக. நிதானமாக. பை ஒன்றே துணை.' அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"ஐயையோ, தனியாவா? உங்களால முடியாதுங்க" என்றாள் மனைவி.

இது போதாதா? அடுத்த நிமிடமே பிரசுரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். இவர் பெயரைச் சொல்வதற்கு முன்பே, "உங்க ரூம் ரெடியா இருக்கு சார்" என்றது அந்தக் குரல். சேவை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவரே பாராட்டினார். அவர் பாராட்டி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஜிப்பை ஒருவழியாகக் கயிறு கட்டி மூடினார்கள். வாசலில் நின்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏழு நாள் நான் இல்லாம எப்படித்தான் சமாளிக்கப் போறீங்களோ!"

"கஷ்டம்தான்பா" என்ற மகள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பிள்ளை அழுகிறதே என்று அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

உண்மையில் அவர் போனதே அதற்காகத்தான். காற்று, மேகம், மன அமைதி எல்லாம் பிரசுரத்தோடு சரி. ஏழு நாளில் வீடு தள்ளாட வேண்டும். அவர் அருமை தெரிய வேண்டும். திரும்பி வரும்போது இரண்டு பேரும் வாசலிலேயே நின்று, "இனிமே எங்கேயும் போகாதீங்க" என்று கெஞ்ச வேண்டும். அந்தக் காட்சியை மனதில் ஓட்டிக்கொண்டுதான் அவர் பஸ் ஏறினார்.

நிதானமாக நடந்தால் மதியத்துக்குள் விடுதி வந்துவிடும் என்றது பிரசுரம். நிதானத்தைப் பற்றிப் பரிசோதகர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. நான்கு டார்ச், இரண்டு குடை, ஒரு பெட்டி ஸ்பானர் எல்லாம் சேர்ந்து அவரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து நிதானமாகவே நடக்க வைத்தன. பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மரக்கிளையைத் தேடினார்.

பாதி வழியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அங்கே ஒரு கம்பத்தில் 'அடிவாரம்' என்று எழுதிய அம்புப்பலகை ஒருபக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அவருக்குப் பொறுக்கவில்லை. மூச்சு வாங்கியபடியே பையைப் பிரித்து ஸ்பானரை எடுத்து, பலகையைத் தூக்கி நேராக நிறுத்தி, நட்டை நன்றாக முறுக்கினார். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இம்மி பிசகாத நேர். 'நான் ஒருத்தன் வரலைன்னா இந்த மலை என்ன ஆகியிருக்கும்!' என்று நினைத்தபடி மேலே நடந்தார்.

விடுதியில் நான்கு அறையும் ஒரு கூடமும் இருந்தன. கூடத்தின் நடுவில், ஆளுயரக் கண்ணாடி பதித்த பெரிய தேக்குமர பீரோ ஒன்று யானை மாதிரி நின்றது. விடுதிக்காரர் துண்டால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாடி வைத்த, சாந்தமான மனிதர்.

"இவ்வளவு பெரிய பீரோவ எப்படி மேல கொண்டு வந்தீங்க?" என்று கேட்டார் பரிசோதகர்.

"பின்பக்கம் ஜீப் ரோடு இருக்கு சார். வாரத்துக்கு ஒருதடவை சாமான் ஏத்திட்டு வரும். உங்களையும் ஏழாம் நாள் அதுலதான் இறக்கி விடுவோம்."

"எடுப்பா இல்லையே. கூடத்துல யாராவது பீரோ வைப்பாங்களா?"

"ரூமுக்குள்ள நுழையல சார்" என்று சொல்லிவிட்டு விடுதிக்காரர் மறுபடி துடைக்கப் போனார்.

விடுதியில் இன்னொரு தனிப்பயணியும் இருந்தார். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டையில், மேகத்துக்கு மார்க் போடுகிறவர் போல வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வாரம் இருக்கலாம்னு வந்தேன் சார். மூணாவது வாரம் ஓடுது. இறங்கவே மனசு வரல" என்றார் ஹெட்மாஸ்டர். சொல்லும்போது ஏனோ இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்ல தேடமாட்டாங்களா?"

"தேடாம? ஆனா முடிவு என்னோடது. மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஒரு நோட்டீஸ் கிடந்தது, பார்த்தேன், உடனே கிளம்பிட்டேன்."

மறுநாள் காலையில் பரிசோதகர் விடுதியைப் பரிசோதித்தார். சூப் சூடில்லை என்றார். "ஆமா சார்" என்றார் விடுதிக்காரர். ஜன்னல் கொக்கி தளர்ந்திருக்கிறது என்றார். "ஆமா சார்." படி ஒன்று மற்றதைவிட உயரம் என்றார். "கரெக்ட் சார்." இப்படி எதற்கெடுத்தாலும் ஒத்துக்கொள்கிற மனிதரிடம் எவ்வளவு நேரம்தான் நொள்ளை சொல்வது? மதியத்துக்குள் அவருக்குச் சலித்துப் போனது.

விடுதிக்குப் பின்னால் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். ஏறினார். வீட்டில் இந்நேரம் என்ன பாடு படுகிறார்களோ என்ற கரிசனம்.

"ம்... சொல்லுங்க" என்றாள் மனைவி. பின்னால் யாரோ பெண்கள் கலகலவென்று சிரிக்கும் சத்தம்.

"யாரு அது?"

"கஸ்டமருங்க. ஒரே கூட்டம். அந்தத் தோள் ஏறின சட்டைக்காரர்கூடத் திரும்ப வந்துட்டாரு."

"குழாய்? சமையல்கட்டு ஈரமா இருக்குமே, வழுக்கி விழுந்துடாதீங்க."

"பிளம்பர் வந்து அஞ்சே நிமிஷத்துல சரி பண்ணிட்டாருங்க. நீங்க நிம்மதியா இருங்க."

அவர் பாறையைவிட்டு இறங்கினார். வீடு தள்ளாடவில்லை. தள்ளாடாதது மட்டுமில்லை, ஓடுகிறது. இப்படியே ஏழு நாள் ஓடிப் பழகிவிட்டால், அவர் எதற்கு? இதை நினைத்ததும் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பழகுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆனால் இரண்டாம் நாளே திரும்பினால், "உங்களால முடியாதுங்க" என்று சொன்னவள் முகத்தில் எப்படி விழிப்பது?

யோசித்து, கௌரவமான ஒரு காரணத்தைப் பிடித்தார்.

"முட்டி வலி தாங்கல. இன்னிக்கே ஜீப்புக்குச் சொல்லுங்க" என்றார் விடுதிக்காரரிடம்.

"அடடா" என்று ஓடிப்போன விடுதிக்காரர், ஏதோ தைலத்தோடு வந்தார். தேய்த்தார். இரண்டு பக்கமும் மூங்கில் பத்தை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினார். "ரெண்டு நாள் கால மடக்கவே கூடாது சார். ஜீப்புல குலுங்கினா மூட்டே போயிடும்."

பொய் வலிக்குக் கட்டிய கட்டால் நிஜ வலி வந்தது. இரண்டு நாள் காலை நீட்டியபடி படுத்து, ஹெட்மாஸ்டர் சொன்ன பள்ளிக்கூடக் கதைகளை முழுதாகக் கேட்டார். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதையாயிற்று.

கட்டு அவிழ்ந்ததும் அடுத்த காரணம் தயாராக இருந்தது. "வீட்ல அவளுக்கு உடம்பு சரியில்லையாம். போன் வந்தது. நான் போயே ஆகணும்."

விடுதிக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் இரக்கத்தோடு பார்த்தார். பிறகு பாறைப்பக்கம் போனார். திரும்பி வந்தார்.

"கவலையே படாதீங்க சார். இப்பதான் பேசினேன். அம்மா ஜம்முனு இருக்காங்க. மாடியில செடி வெச்சிட்டிருக்காங்களாம். உங்களைச் சூப் நல்லாக் குடிக்கச் சொன்னாங்க."

பரிசோதகருக்குத் திருடனைத் தேள் கொட்டியது போல ஆனது. கத்தவும் முடியவில்லை, கத்தாமலும் இருக்க முடியவில்லை. சூப்பைக் குடித்தார். அன்றைக்கு அது சூடாகவே இருந்தது.

இனி யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தார். மறுநாள் விடிந்தும் விடியாமலும், பையை முதுகில் மாட்டிக்கொண்டு, பூனை மாதிரி வெளியேறினார். ஏறிய பாதையிலேயே இறங்கினார். மனம் லேசாக இருந்தது. பாதை பிரியும் இடம் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி பனி. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சத்தியமாக நினைவில்லை. நல்லவேளை, அம்புப்பலகை இருந்தது. அவர் கையாலேயே நிமிர்த்தி, நட்டை முறுக்கிய பலகை. அது அசையாமல் ஒரு பக்கத்தைக் காட்டியது. வேறு யார் வைத்த பலகையாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார். இது தரப் பரிசோதனை முடிந்த பலகை. நம்பி நடந்தார்.

பாதை கொஞ்சம் இறங்கியது. பிறகு சமமாகப் போனது. பிறகு, அடிவாரத்துக்குப் போகிற பாதைகள் சாதாரணமாகச் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தது. ஏறியது. நடுவில் ஏறினாலும் கடைசியில் இறங்கித்தானே தீர வேண்டும் என்று அவரும் விடாமல் ஏறினார். இரண்டு குடையையும் வழியில் தூக்கிப் போட்டார். ஸ்பானர் பெட்டியை மட்டும் போட மனசு வரவில்லை. மதிய வெயிலில், நாக்கு வெளியே தள்ள, ஒரு மேட்டின் மேல் வந்து நின்றார். எதிரே நான்கு அறையும் வராந்தாவும் தெரிந்தன. ஹெட்மாஸ்டர் கை அசைத்தார்.

"வாங்க சார், சாப்பாடு ரெடி" என்றார் விடுதிக்காரர். "காலையில நல்ல நடையா? அந்த அம்பு ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குமே, சாஞ்ச பக்கம் போனாத்தான் அடிவாரம். வேணும்னேதான் அப்படி வெச்சிருக்கோம். யாரோ ஒரு புத்திசாலி அதை நிமித்தி வெச்சுட்டுப் போயிருக்கான், இப்ப அது இங்கயே சுத்தி வர்ற பாதையைக் காட்டுது சார், பாருங்களேன்!"

"ஆமாமா" என்றார் பரிசோதகர். வாழ்க்கையில் முதல்முறையாக அவரும் ஆமாம் போட்டார்.

ஏழாம் நாள் ஒருவழியாக வந்தது. அவர் விடிவதற்கு முன்பே குளித்து, பையைக் கட்டி, கயிறு போட்டு, வாசலில் வந்து நின்றுவிட்டார். போன் பேசியதையெல்லாம் மனதிலிருந்து துடைத்துவிட்டார். மனைவி வாய்க்கு வந்தபடி தைரியம் சொல்லியிருப்பாள், பாவம். உள்ளுக்குள் எவ்வளவு ஏங்கியிருப்பாள்! அவளைப் பார்க்க வேண்டும் போல நிஜமாகவே இருந்தது. வீட்டுக்குப் போனதும் ஒரு வாரத்துக்கு அவள் தையலில் குறை சொல்வதில்லை என்றுகூட முடிவு செய்தார். ஒரு வாரம் அதிகம். மூன்று நாள்.

"இனிமே என்னைத் தனியா எங்கேயும் விடமாட்டாங்க. அவ்வளவு பாசம்" என்றார் ஹெட்மாஸ்டரிடம்.

ஹெட்மாஸ்டர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப் உறுமிக்கொண்டு வந்து நின்றது. முட்டைத் தட்டுகளும் அரிசி மூட்டையும் இறங்கின. பின்னால், வாய் பிளந்த பெரிய முதுகுப்பையோடு ஒரு புது ஆள் இறங்கி, "நானா எடுத்த முடிவு சார் இது" என்று யாரும் கேட்காமலே சொன்னார். அவர் சட்டைப்பையில் அதே துண்டுப் பிரசுரம். பரிசோதகர் தன் பையை ஜீப்பில் ஏற்றப் போனார்.

"இருங்க சார்" என்றார் டிரைவர். "ஹெட்மாஸ்டருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு." ஒரு துணி மூட்டையை நீட்டினார்.

பரிசோதகர் பிரித்தார். அவருடைய சட்டைகள்தான். தோள் இரண்டும் இம்மி பிசகாமல் இருக்க, இஸ்திரி போட்டு ஏழு சட்டை. ஏழு பனியன். மேலே ஒரு தைலப் பாட்டில். நான்கு டார்ச்சுக்கும் புது பேட்டரி.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். மற்றதைவிட உயரமான அதே படி. ஹெட்மாஸ்டர் தன் மூட்டையைச் சத்தமில்லாமல் உள்ளே எடுத்துப் போனார். ஜீப் காலியாகவே திரும்பிப் போனது.

கூடத்தில் பீரோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த விடுதிக்காரர், கையில் துண்டோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"ஒரு வாரத்துக்குத் துணிதானே சார் வந்திருக்கு, இதுக்கே கலங்கினா எப்படி? நானும் உங்களை மாதிரி ஏழு நாள் தங்கலாம்னு வந்தவன்தான். எட்டாம் நாள் என் வீட்டுக்காரி பீரோவையே ஏத்தி அனுப்பிட்டா."