பிரின்சிபாலை இன்டர்வியூ எடுத்த ‘ஏன் சார்’

பிள்ளைக்கு அட்மிஷன் கேட்டுப் போன இடத்தில் பிரின்சிபாலைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டு, “யோசிச்சுட்டு சொல்லி அனுப்பறோம்” என்று எழுந்து வந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் ஆபீஸ் ‘ஏன் சார்’.

அவருக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டுவாடா செய்கிறவர்களைத் தவிர யாருக்கும் அது ஞாபகம் இல்லை. “டீ ஆறிடுச்சு சார்” என்றாலும் “ஏன்?” என்பார். கல்யாணப் பத்திரிகை நீட்டியவனிடமே “ஏன்?” என்று கேட்டுவிட்டு, அவன் முகம் போன போக்கைப் பார்த்து, “இல்லப்பா, ஏன் புதன்கிழமைன்னு கேட்டேன்” என்று சமாளித்தவர்.

தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. வெளிநாட்டிலிருந்து வரும் இன்ஜினியர்களுக்கு வீடு பிடிப்பது, பிள்ளைகளுக்கு ஸ்கூல் பார்ப்பது எல்லாம் ஏன் சார் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்த என்னை அவருக்குத் துணையாகப் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பிரேசிலிலிருந்து பெத்ரோ வந்தார், மனைவி லூசியா, ஒன்பது வயது மகள் கிளாராவுடன். வேலை நிமித்தம் ஏற்கெனவே இரண்டு நாடுகள் சுற்றிய குடும்பம். கோவளம் பக்கம் வீடு பிடித்துக் கொடுத்தோம். வந்த நாளிலிருந்து கிளாரா பேசவே இல்லை. இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். ஆனால் ஸ்கூல் என்ற சொல் காதில் விழுந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மாதக் கடைசிக்குள் சரியான பள்ளி அமையாவிட்டால் மகளை அழைத்துக்கொண்டு ஊருக்கே போய்விடுவதாக லூசியா சொல்லிவிட்டார். அவர்கள் போனால் பெத்ரோவும் போவார். பெத்ரோ போனால் அவர் ஓட்டிக் காட்ட வந்த புது மெஷின்கள் பொம்மை மாதிரி நிற்கும்.

மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். “இருக்கறதுலயே பெரிய இன்டர்நேஷனல் ஸ்கூலா பார்த்துப் போட்டுட்டு வாங்க.”

“ஏன் சார் பெரிசு?” என்றார் ஏன் சார்.

மேனேஜர் என்னைப் பார்த்து, “நீயாவது முடிச்சுட்டு வாம்மா” என்றார்.

முதல் பள்ளியில் வாசலிலேயே நீரூற்று, வரிசையாக உலக நாடுகளின் கொடிகள். அட்மிஷன் பார்க்கும் அம்மையார் காபி கொடுத்து, “எங்ககிட்ட எல்லா நாட்டுக் குழந்தைங்களும் படிக்கறாங்க” என்றார்.

“ஒருத்தரைக் காட்டுங்களேன்.”

அந்தப் பக்கம் போன ஒரு பையனை நிறுத்தினார்கள். “எந்த ஊருப்பா?” என்றார் ஏன் சார்.

“துபாய், அங்கிள்.”

“அதுக்கு முன்னாடி?”

“தூத்துக்குடி.”

ஏன் சார் காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்.

இரண்டாவது பள்ளியில் எல்லாம் பிடித்திருந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டபோது, “பஸ் எப்படின்னு பார்க்கணும்” என்றார். மறுநாள் விடியற்காலை கோவளத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாக ஸ்கூல் பஸ்ஸில் ஏறினார். எங்கள் டிரைவர் ஏழுமலை ஓட்டிய காரில் நான் பின்தொடர்ந்தேன். மேடவாக்கம் சிக்னலில் பார்த்தபோது அவர் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. பள்ளி வாசலில் இறங்கியவர், சட்டையெல்லாம் கசங்கி, வேறு ஜில்லாவிலிருந்து வந்தவர் மாதிரி இருந்தார்.

“இந்த ஸ்கூல்ல புள்ள படிக்காதும்மா. பஸ்லயே வளர்ந்து, பஸ்லயே வயசுக்கு வந்துடும்.”

மூன்றாவது இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில் ஸ்பூன் சத்தம் மட்டும்தான். “பேசாம சாப்பிடறது எங்க டிசிப்ளின்” என்றார் பிரின்சிபால் பெருமையாக.

“ஏன் மேடம்? சாப்பிடும்போதும் பேசலன்னா அதுங்க எப்பதான் பேசும்?”

அந்த அம்மையார் சொன்ன பதிலையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகுதான் அந்த ‘யோசிச்சுட்டு சொல்லி அனுப்பறோம்’.

காரில் ஏறியதும் ஏழுமலை திரும்பிப் பார்த்தார். “இன்னா சார், இதுவும் அவுட்டா? ஒரே பேஜாரா கீது சார். அந்தப் பொண்ணுக்கு இன்னாதான் வேணுமாம்?”

ஏன் சார் கொஞ்ச தூரம் போனதும், “வண்டியக் கோவளத்துக்கு விடு” என்றார்.

கிளாரா பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் தரையில் அமர்ந்து, தன்னுடைய ஆபீஸ் இங்கிலீஷில், உனக்கு ஏன் ஸ்கூல் வேண்டாம் என்று கேட்டார். கடலைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்: “ஒவ்வொரு ஊர்லயும் ஒரு ஃப்ரெண்ட் கிடைப்பா. உடனே நாங்க கிளம்பிடுவோம். இல்லன்னா அவ கிளம்பிடுவா.”

உள்ளே நின்றிருந்த லூசியா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் சாருக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

அதன்பின் பார்த்த பள்ளிகளில் அவர் கட்டடத்தைப் பார்க்கவில்லை, நீச்சல் குளத்தைப் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வருஷத்து நடுவுல வந்து, நடுவுலயே போற புள்ளைங்களுக்கு நீங்க என்ன பண்றீங்க?” பல இடங்களில் டி.சி. சீக்கிரம் கொடுத்துவிடுவோம் என்றார்கள்.

வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் ஒரு சின்ன இன்டர்நேஷனல் ஸ்கூல். வாசலில் ஒரு வேப்பமரமும் செக்யூரிட்டியும்தான். தலைமை ஆசிரியையிடமும் அதே கேள்விதான். “போற புள்ளைய ஒண்ணும் பண்ண முடியல சார். வர்ற புள்ளையத் தனியா விட மாட்டோம். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, சும்மா வந்து உட்காரட்டும்” என்றார்.

மறுநாள் கிளாரா அம்மாவின் கையை விடாமல் வகுப்பு வாசலில் நின்றாள். தலைமை ஆசிரியை யாழினி என்ற சிறுமியை அழைத்தார். பொத்தேரியில் வாடகை வீடு, அப்பா கல்லூரிப் பேராசிரியர். யாழினி கிளாராவை ஏற இறங்கப் பார்த்து, இங்கிலீஷில், “நீ எத்தனை நாள் இருப்ப?” என்றாள்.

கிளாரா தெரியாது என்று தோளைக் குலுக்கினாள்.

“நான் இங்கேயேதான் இருப்பேன். எங்கப்பா கூடுவாஞ்சேரில வீடு கட்டறாரு. அது எங்க ஆயுசுக்கும் முடியாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. நீ எங்க போனாலும் திரும்பி வந்தா நான் இங்கதான் இருப்பேன். உட்காரு.”

கிளாரா அம்மாவின் கையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மதியத்துக்குள் இருவரும் வகுப்பில் பேசியதற்காகக் கண்டிக்கப்பட்டார்கள். அந்தச் செய்தியை லூசியா எங்களிடம் போனில் சொல்லும்போது சிரித்துக்கொண்டே அழுதார்.

பெத்ரோ குடும்பம் மூன்று வருடம் இருந்துவிட்டுப் போனது. கிளாரா இப்போதும் யாழினிக்கு வீடியோ கால் செய்கிறாளாம். அந்தக் கூடுவாஞ்சேரி வீட்டில் மேல்மாடி ஆரம்பித்திருக்கிறார்களாம்.

ஏன் சார் ஓய்வு பெற்றுச் சிட்லபாக்கத்தில் இருக்கிறார். இந்த வருடம் என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். என் கணவர் நெட்டில் பார்த்து ஒரு பள்ளியை முடிவே செய்துவிட்டார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். நாளை ஞாயிறு, காலையில் ஏன் சார் தன் கேள்விகளோடு வருகிறார். அவருக்குப் பிடிக்குமே என்று அடைக்கு ஊறப் போட்டிருக்கிறேன்.