வளர்தண்டம்

சென்ற ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு, காட்டுப்பாக்கம் இதுவரை கண்டவர்களிலும் இனிக் காணப்போகிறவர்களிலும் மிக விநோதமான மனிதர் எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர்க் கேனை இறக்கிவைத்துவிட்டு, என்னிடம் ஒரு சொல் கேட்டார்.

அவரை நாங்கள் ‘விலைவாசி’ என்றே அழைப்போம். இயற்பெயரை அவர் மனைவியும் மறந்திருக்கக்கூடும். கல்யாண வீட்டில் பழைய மொய்யைத் திருப்பிச் செய்யும்போதுகூட, அதை இன்றைய தங்க விலைக்கு உயர்த்தித்தான் எழுதுவார். பெற்றுக்கொண்டவர்கள் மகிழ்ந்ததில்லை, அடுத்த முறை நாம் என்ன செய்வது என்று கலங்கினார்கள்.

அவருடைய தீராத துயரம் எங்கள் ஏரி. அதில் கழிவுநீர் கொட்டும் லாரிக்கு ஐந்நூறு ரூபாய் அபராதம் என்று குடியிருப்போர் சங்கம் எப்போதோ விதித்தது. அதன்பின் எல்லாவற்றின் விலையும் ஏறியது. அபராதம் மட்டும் ஏறவில்லை. ஏரியோரத்துக் கிணறுகள் ஒவ்வொன்றாக நாறத் தொடங்கின. எங்கள் கிணறும் தப்பவில்லை. சங்க உறுப்பினர் என்ற முறையில் விலைவாசி ஒருநாள் லாரியை மறித்தார். ஓட்டுநர் மலர்ந்த முகத்தோடு இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினார்.

“இந்தா அண்ணாத்தே, இன்னிக்கு நடைக்கு ஒண்ணு, நாளைக்கு நடைக்கு ஒண்ணு. மாசத்துக்கு மொத்தமா பாஸ் மாரி எதுனா குடுப்பீங்களா?”

அபராதம் கட்டணமாகிவிட்டதை விலைவாசி உணர்ந்தது அன்றுதான். விலை ஏற ஏற அதையும் உயர்த்த, அந்த ஞாயிறு மாலைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப்போவதாக எங்கள் வாசலில் நின்று சொன்னார்.

“தங்கச்சி, நீ தமிழ் படிக்கிற பொண்ணு. தானா ஏறிக்கினே போற அபராதத்துக்கு ஒரு பேர் சொல்லு. கேட்டாலே லாரிக்காரன் பேஜாராவணும்.”

“வளர்தண்டம்,” என்றேன். தண்டம் என்றால் அபராதம் என்றும், வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என முக்காலமும் அடங்கிய வினைத்தொகை அது என்றும் விளக்கினேன்.

“ஊறுகா மாரி?”

“ஆமாம் அண்ணா. ஊறுகாய் மாதிரிதான்.”

அன்று மாலைக் கூட்டத்தில் அவர் அச்சொல்லை முழங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது:

“வளந்த தண்டமா? அது எங்க ஊட்லயே ஒண்ணு கீது, பி.ஈ. முடிச்சிட்டு!”

கூடம் குலுங்கியது. நான் தலைகுனிந்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“ஒரு கேன் தண்ணி இன்னா விலையோ, அதுல நூறு மடங்கு அபராதம். கேன் விலை ஏறுனா அதுவும் ஏறணும்.”

செயலாளர் எழுந்தார். “யோவ் விலைவாசி, கேன் விக்கிறவனே நீதான். இதுல உனக்கு இன்னாய்யா லாபம்?”

“லாபமா? ஏரி கெட்டதுலதான் சார் எனக்கு லாபம். கெணறு நாற நாற கேன் போவுது. நாளைக்கு தண்ணி நல்லாச்சுன்னா எவன் என்கிட்ட வாங்குவான்? யாவாரம் பூடும். போவட்டும் சார். இந்த நாத்தத்துல எம் பொண்ணு சோறு துன்ன மாட்டேங்குது.”

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் காலையும் கிணறு நாறத்தான் செய்தது. அது தெளியக் காலமாகும். விலைவாசி வழக்கம்போல ஒரு கேனைக் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் வீட்டுக்கு ஒன்றே தாராளம்.

“இன்னொண்ணும் வச்சிட்டுப் போங்கண்ணா,” என்றேன்.